வட்டத்துக்கு ஒரு தடவைதான்: டிஎன்ஏ இரட்டிப்பின் கட்டுப்பாட்டைக் கயிறும் கிளிப்பும் வைத்துப் படிப்பிக்கும் முறை

கலவட்டம் என்றதும் பலகையில் ஒரு வட்டம் கீறுவோம். ஜி1, எஸ், ஜி2, எம் என்று நாலு துண்டு. எஸ் துண்டுக்குப் பக்கத்தில் "டிஎன்ஏ இரட்டிக்கும்" என்று எழுதிவிட்டு நேரே கலம் பிரியும் எம் துண்டுக்கு, அதாவது இழையுருப்பிரிவுக்குப் போய்விடுவோம். பிள்ளைகளும் அதையே எழுதிப் புள்ளி எடுத்துவிடுவார்கள். ஆனால் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ஒரு தடவை இரட்டித்த டிஎன்ஏ மறுபடி ஏன் இரட்டிப்பதில்லை? நொதியம் இருக்கிறது, நியூக்கிளியோட்டைட்டு இருக்கிறது, டிஎன்ஏயும் அதே கருவுக்குள்தான் கிடக்கிறது. பிறகு எது தடுக்கிறது? முதல் வரிசைப் பிள்ளைகள்கூடப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்குவார்கள்.

நான் திருகோணமலையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். இந்தப் பகுதியைப் படிப்பிக்க எனக்குத் தெரிந்த வழி இது. ஆசிரியர்களை நினைத்து எழுதுகிறேன். தனியே இருந்து படிக்கும் பிள்ளையும் மேசையில் வைத்துச் செய்யலாம். புரதப் பெயர்களிலிருந்து தொடங்காதீர்கள். பெயர்கள் இருபதுக்கு மேல் வரும், எல்லாம் எழுத்தும் இலக்கமுமாக. அவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே விதிதான் இருக்கிறது: இரட்டிப்புக்கு அனுமதி கொடுக்கும் நேரமும், இரட்டிப்பைத் தொடங்கும் நேரமும் ஒருபோதும் சேர்ந்து வரக்கூடாது. இந்த விதி பிடிபட்டால் பெயர்கள் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

முதலில் வெங்காயம்

நுணுக்குக்காட்டி உள்ள பள்ளிக்கூடமென்றால் இதைத் தவறவிட வேண்டாம். பம்பாய் வெங்காயம் வாங்காதீர்கள். அது கப்பலில் வந்து, களஞ்சியத்தில் கிடந்து, கடைக்கு வருவது. வேர் விடுமா என்று சொல்ல முடியாது. நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்துச் சின்ன வெங்காயம் நல்லது. எதை எடுத்தாலும் நிறமூர்த்தம் 16தான்.

அடியில் காய்ந்து கிடக்கும் பழைய வேரைச் சுரண்டி எடுங்கள். சின்னக் குவளையின் வாயில் வெங்காயத்தை வைத்து, அடி மட்டும் தண்ணீரில் படும்படி விடுங்கள். முழுதாக அமிழ்ந்தால் அழுகும். கடற்கரைப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் உவர். குடிக்கிற தண்ணீரையே ஊற்றுங்கள். சித்திரை வெக்கையில் குவளைத் தண்ணீர் வெகு சீக்கிரம் நாறிவிடும், அதனால் நாளாந்தம் மாற்ற வேண்டும். வேர் ஒரு சென்ரிமீற்றரைத் தாண்டியதும் வெட்டலாம். நீளமான வேர் நல்ல வேர் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அப்படியல்ல, நமக்கு வேண்டியது நுனியிலுள்ள இரண்டு மில்லிமீற்றர். கலங்கள் பிரிந்துகொண்டிருக்கும் பிரியிழையம் அங்கேதான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வேரின் மற்றப் பகுதி கண்ணாடி மாதிரித் தெரியும், நுனி மட்டும் மங்கல் வெள்ளையாக இருக்கும்.

ஒரு பங்கு அசற்றிக் அமிலத்துக்கு மூன்று பங்கு எதனோல் கலந்து, அதில் வேர் முனைகளை ஓரிரவு போட்டு வையுங்கள். மறுநாள் 60 பாகை செல்சியசில் ஒரு மோலர் ஐதரோக்குளோரிக் அமிலத்தில் சில நிமிடம் வைத்தால் கலங்கள் ஒன்றையொன்று விட்டுக் கழரும். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்காமல் நீங்களே செய்யுங்கள். பிறகு கழுவி, அசற்றோகாமைன் சாயம் இட்டு, வழுக்கியில் வைத்து, மூடித்துண்டின் மேல் வடிதாளை மடித்து வைத்துப் பெருவிரலால் நேரே கீழ்நோக்கி அழுத்துங்கள். திருகினால் கலங்கள் எல்லாம் சுருண்டுபோகும். வழுக்கி உடைகிற சத்தம் அழுத்தத்தால் வருவதில்லை, பெரும்பாலும் திருகுவதால்தான் வரும்.

400 மடங்கு உருப்பெருக்கத்தில் நிறமூர்த்தங்கள் இரு பக்கமும் விலகிப் போகும் மேன்முக அவத்தை ஒன்று கண்ணில் பட்டால் வகுப்பே வரிசை கட்டி நிற்கும். நிற்கட்டும், பார்க்கட்டும். அது முடிந்ததும் வட்டமான கரு உள்ள, இடையவத்தையிலிருக்கும் சாதாரணக் கலங்களைக் காட்டிக் கேளுங்கள்: "இதில எந்தக் கரு ஏற்கெனவே இரட்டிச்சு முடிஞ்சது, எது இனித்தான் இரட்டிக்கப் போகுது?"

ஒருவராலும் சொல்ல முடியாது. உங்களாலும் முடியாது. ஜி1 கருவைவிட ஜி2 கருவில் இரண்டு மடங்கு டிஎன்ஏ இருக்கிறது, ஆனாலும் இந்தச் சாயத்தில் வெறுங்கண் மதிப்பால் இரண்டையும் பிரிக்க வழியில்லை. எஸ் அவத்தை என்று ஒன்று இருப்பதே வேர் முனையில்தான் தெரியவந்தது. 1953இல் அல்மா ஹவார்டும் ஸ்டீபன் பெல்க்கும் ஒருவகை அவரையின் வேருக்குக் கதிர்த்தொழிற்பாடுள்ள பொசுபரசு கொடுத்து, அது டிஎன்ஏயில் எப்போது சேருகிறது என்று ஒளிப்படப் படலத்தில் பதித்துப் பார்த்தார்கள். இடையவத்தை முழுவதும் சேரவில்லை, நடுவில் ஒரு துண்டு நேரத்தில் மட்டும்தான் சேர்ந்தது. அந்தத் துண்டுக்கு முன்னும் பின்னும் இடைவெளி. ஜி1, ஜி2 வந்த கதை அதுதான். வெங்காய வேரைப் பார்த்துவிட்டு இதைச் சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

நுணுக்குக்காட்டி இல்லாவிட்டால் பரவாயில்லை, அடுத்த பகுதியிலிருந்து தொடங்குங்கள்.

பிறகு ஒரு கணக்கு

மனிதரின் முதலாம் நிறமூர்த்தத்தில் ஏறக்குறைய 25 கோடி மூலச் சோடிகள். மனிதக் கலத்தில் ஓர் இரட்டிப்புக் கவை, அதாவது டிஎன்ஏ பிரிந்து இரட்டித்துக்கொண்டு போகும் முனை, நிமிடத்துக்கு ஏறக்குறைய 2000 மூலச் சோடிகள் நகரும். ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து இரண்டு கவைகள் இரு பக்கமும் ஓடும், ஆக நிமிடத்துக்கு 4000. ஒரேயொரு தொடக்கப் புள்ளி இருந்தால் இந்த நிறமூர்த்தம் முடிய எவ்வளவு நேரம்?

கணிப்பான் வேண்டாம், பலகையில் வகுக்கச் சொல்லுங்கள். 62,500 நிமிடம். அது ஆயிரம் மணித்தியாலத்துக்கு மேல், 43 நாள். ஆனால் எஸ் அவத்தை முடிய எடுப்பது ஏறக்குறைய எட்டு மணித்தியாலம். எல்லாம் ஒரே நேரத்தில் தொடங்கினாலும் இந்த ஒரு நிறமூர்த்தத்துக்கே குறைந்தது 130 தொடக்கப் புள்ளிகள் தேவை. உண்மையில் அதைவிட எவ்வளவோ கூட. ஒரு மனிதக் கலம் முழுவதிலும் பல பத்தாயிரம் புள்ளிகளில் இரட்டிப்புத் தொடங்குகிறது.

பக்கத்தில் ஈ.கோலைக்கும் ஒரு வரி எழுதுங்கள். 46 இலட்சம் மூலச் சோடி, ஒரேயொரு தொடக்கப் புள்ளி, கவை ஒன்று செக்கனுக்கு ஏறக்குறைய 1000. 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் நல்ல உணவு கிடைத்தால் அந்தப் பற்றீரியா 20 நிமிடத்துக்கு ஒரு தடவை பிரியும். எப்படி? முதல் சுற்று முடியும் முன்னரே அடுத்த சுற்றைத் தொடங்கிவிடும். பிறக்கும்போதே பாதி இரட்டித்த டிஎன்ஏயோடு பிறக்கிறது. நம் கலங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. பல பத்தாயிரம் புள்ளிகளில் எதுவும் தவறக்கூடாது, எதுவும் இரண்டாம் தடவை தொடங்கக்கூடாது. ஒவ்வொரு புள்ளியும் தான் தொடங்கியாயிற்றா என்று எப்படி அறியும்? கேள்வியை இந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கயிற்றை எடுங்கள்.

கயிறும் கிளிப்பும்

மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் நைலோன் கயிறு வாங்குங்கள்: வெள்ளையில் ஐந்தாறு மீற்றர், நீலத்தில் அதே அளவு துண்டு துண்டாக. உடுப்புக் கிளிப் இரண்டு டசின். ஓர் அட்டை, அதன் ஒரு பக்கம் பெரிய எழுத்தில் "சிடிகே குறைவு", மறுபக்கம் "சிடிகே கூட". சிடிகே என்பது இரட்டிப்பைத் தொடங்கி வைக்கும் ஒரு நொதியம், இப்போதைக்கு அவ்வளவு போதும். அட்டை ஒன்றேதான் இருக்க வேண்டும். இரண்டு அட்டை செய்தால் பாடம் போய்விடும், காரணம் பிறகு தெரியும்.

வெள்ளைக் கயிற்றை இரண்டு வாங்கின் முதுகில் இழுத்துக் கட்டுங்கள். இந்தக் கயிறு இரட்டைச் சுருள் டிஎன்ஏ முழுவதையும் குறிக்கிறது. இரண்டு இழையையும் தனித்தனியே காட்டப் போனால் பழைய இழை ஒன்று, புது இழை ஒன்று என்ற அரைக்காப்பு முறைக்குள் போய்ச் சிக்குவீர்கள். அதை வேறொரு நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று பிள்ளைகள் வேண்டும். ஒருவர் கிளிப் போடுகிறவர். ஒருவர் ஓட்டுகிறவர். மூன்றாமவர் அட்டையைப் பிடிக்கிறவர். மற்றவர்கள் விதி மீறல் பிடிக்கிறவர்கள், அந்த வேலையை அவர்கள் மிகுந்த அக்கறையோடு செய்வார்கள்.

அட்டை "குறைவு" காட்டும்போது கிளிப் போடுகிறவர் மட்டும் எழும்பலாம். கயிற்றில் விரும்பிய இடங்களில் கிளிப்புகளை இரண்டிரண்டாக, ஒன்றோடொன்று ஒட்டி மாட்ட வேண்டும். ஓட்டுகிறவர் கை கட்டி நிற்பார். இது ஜி1.

அட்டை "கூட" என்று திரும்பியதும் கிளிப் போடுகிறவர் உட்கார வேண்டும். இனிப் புதிதாக ஒரு கிளிப்பும் மாட்ட முடியாது. ஓட்டுகிறவர் ஏதாவது ஒரு சோடியைத் தேர்ந்து, இரண்டு கிளிப்பையும் எதிரெதிர்ப் பக்கம் நகர்த்தத் தொடங்குவார். அவை விலகிப் போகப் போக, நடுவில் திறந்த இடத்தில் வெள்ளைக் கயிற்றோடு நீலக் கயிற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு போக வேண்டும். ஒரேயடியாக எல்லாச் சோடியையும் தொடங்கத் தேவையில்லை. உண்மையான கலத்திலும் சில பகுதிகள் முந்தும், இறுக்கமாக மடிந்த பகுதிகள் பிந்தும். பெண் முலையூட்டிகளில் செயலற்றுக் கிடக்கும் எக்ஸ் நிறமூர்த்தம் கடைசிப் பக்கம்தான் இரட்டிக்கும்.

இனிக் கவனமாகப் பாருங்கள். நகரும் கிளிப் ஒன்று, இன்னும் தொடங்காமல் இருக்கும் ஒரு சோடியை வந்து இடிக்கும். என்ன செய்வது என்று பிள்ளைகள் உங்களைப் பார்ப்பார்கள். விதி இது: தொடங்காத சோடியைக் கழற்றிக் கூடையில் போட வேண்டும். இரண்டு நகரும் கிளிப்புகள் எதிரெதிரே வந்து சந்தித்தால் அவையும் கழரும். எஸ் முடியும்போது கயிறு முழுவதும் வெள்ளையும் நீலமுமாக இரட்டித்திருக்கும், அதன் மேல் ஒரு கிளிப்கூட மிஞ்சியிருக்காது.

இங்கே நிறுத்தி ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்கள்: இந்தக் கயிற்றில் எந்த இடம் ஏற்கெனவே இரட்டித்தது, எந்த இடம் இரட்டிக்கவில்லை என்று கலம் எப்படிப் பார்க்கும்? "கிளிப் இருக்கிற இடம் இன்னும் செய்யாத இடம், ரீச்சர். செய்த இடத்தில கிளிப் இல்லை." அதுதான் விடை. செய்து முடித்த இடத்துக்கு அடையாளம் வைக்கக் கலம் மினக்கெடுவதில்லை. இரட்டிப்பு நடக்கும் செயலே அனுமதியைத் துடைத்துக்கொண்டு போகிறது, புது அனுமதி கொடுக்கிற ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

ஜி2 முழுவதும் அட்டை "கூட" என்றே இருக்கும். எம் அவத்தையில் இரட்டித்த இரண்டு பிரதிகளையும், அதாவது குரோமற்றிட்டுகளையும் பிரித்து இரண்டு வாங்குக்குக் கொண்டுபோனதும் அட்டை "குறைவு" என்று திரும்பும். கிளிப் போடுகிறவர் மறுபடி எழும்பலாம்.

பெயர்களை இப்போது கொடுங்கள்

கிளிப்தான் எம்சிஎம் வளையம். எம்சிஎம்2 முதல் எம்சிஎம்7 வரை ஆறு புரதங்கள் சேர்ந்த வளையம். டிஎன்ஏயைச் சுற்றி இரண்டு வளையங்கள் முகத்தோடு முகம் பார்த்து உட்காரும். சுருளைப் பிரிக்கும் ஹெலிக்கேஸ் இதுதான், ஆனால் ஜி1இல் வேலை செய்யாமல் சும்மா இருக்கும். கிளிப் போடுகிற கை மூன்று பேரின் கூட்டு: ஓஆர்சி, சிடிசி6, சிடிடி1. ஓஆர்சியை 1992இல் மதுவத்தில் கண்டெடுத்தவர்கள் ஸ்டீபன் பெல்லும் புரூஸ் ஸ்டில்மனும். ஓட்டுகிறவர் வேலையைத் தொடங்க இரண்டு கைனேசு (பொசுபேற்று ஏற்றும் நொதியம்) வேண்டும், சிடிகே ஒன்று, டிடிகே மற்றது. இவை பொசுபேற்று ஏற்றியதும் சிடிசி45, ஜின்ஸ் என்ற துணைப் புரதங்கள் வந்து எம்சிஎம்மோடு சேரும், ஹெலிக்கேஸ் ஓடத் தொடங்கும்.

அட்டை ஏன் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்கு வருவோம். இரட்டிப்பைத் தொடங்கி வைக்கிற அதே சிடிகேதான் புதுக் கிளிப் போடுவதையும் தடுக்கிறது. ஒரு கை தொடக்கிவிட, இன்னொரு கை தடுக்கிறது என்றிருந்தால் இரண்டுக்கும் நடுவில் ஒழுங்கு பிசகலாம். ஒரே கையின் வேலை என்பதால் பிசக இடமில்லை. இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

எப்படித் தடுக்கிறது என்பது உயிரிக்கு உயிரி மாறும். அரும்பும் மதுவத்தில் சிடிகே ஓஆர்சியில் பொசுபேற்று ஏற்றும், சிடிசி6ஐ அழிவுக்கு அனுப்பும், மீதி எம்சிஎம்மைக் கருவுக்கு வெளியே தள்ளும். மூன்று பூட்டு. விலங்குகளில் முக்கிய இலக்கு சிடிடி1. எஸ் அவத்தையில் டிஎன்ஏ பொலிமரேசைப் பிடித்து வைத்திருக்கும் பிசிஎன்ஏ வளையத்தில் சிடிடி1 வந்து ஒட்டினால் அங்கேயே அழிவு முத்திரை குத்தப்படும். அதாவது இரட்டிப்பு நடக்கிற இடமே அதை அழிக்கிற இடம். தப்பி மிஞ்சுவதை ஜெமினின் என்ற புரதம் கட்டிப் பிடித்துக்கொள்ளும். ஜெமினினை 1998இல் கண்டறிந்தவர்கள் மக்கேரியும் கேர்ச்னரும்.

அட்டையைத் திருப்புகிறவர் யார்? கூட்டுகிற பக்கத்துக்கு: வளர்ச்சிக் காரணிகள் வந்து, சிடிகேயோடு சேர்ந்து அதற்குச் செயற்பாடு கொடுக்கும் சைக்கிளின் புரதங்களில் ஒன்றான சைக்கிளின் டியைக் கூட்டும், சிடிகே4உம் சிடிகே6உம் ஆர்பி புரதத்தின் பிடியைத் தளர்த்தும், அது பிடித்து வைத்திருந்த இ2எஃப் விடுபடும், சைக்கிளின் இ வரும். இவ்வளவு போதும். குறைக்கிற பக்கம்தான் அழகு. நிறமூர்த்தங்கள் நடுவில் வரிசை கட்டும் அனுவவத்தையிலிருந்து மேன்முக அவத்தைக்குப் போகும் இடத்தில் ஏபிசி என்ற புரதக் கூட்டம் வேலைக்கு வரும். சகோதரிக் குரோமற்றிட்டுகள் விலகுவதற்கு வழிவிடுவதும் அதுதான், சைக்கிளினை அழிப்பதும் அதுதான், ஜெமினினை அழிப்பதும் அதுதான். ஆக, பழைய பிரதிகள் இரண்டும் பிரிந்து போகிற அதே நேரத்தில்தான் அடுத்த சுற்றுக்கான அனுமதி திறக்கிறது. அதற்கு முன்னர் திறந்தால் இரண்டு பிரதியும் ஒன்றாயிருக்கும்போதே கிளிப் ஏறிவிடும்.

விடைத்தாளில் அடிக்கடி காணும் ஒரு வரி: "எஸ் அவத்தையில் சிடிகேயின் அளவு கூடும்." சிடிகே புரதத்தின் அளவு பெரிதாக மாறுவதில்லை. ஏறி இறங்குவது சைக்கிளின். அதோடு சேர்ந்தால்தான் சிடிகேக்குச் செயற்பாடு. டிம் ஹண்ட் கடல் முள்ளெலியின் முட்டைகளில் கண்டது அதைத்தான்: ஒவ்வொரு பிரிவின்போதும் ஒரு புரதம் திடீரென்று காணாமல் போனது. அவரும் லீலண்ட் ஹார்ட்வெல்லும் போல் நர்ஸும் 2001இல் நோபல் பரிசு பெற்றார்கள். அட்டையில் நீங்கள் "சிடிகே குறைவு" என்று எழுதியிருப்பது செயற்பாட்டைத்தான் என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

விளையாட்டைக் குழப்புங்கள்

ஒழுங்காக ஒரு சுற்று முடிந்தபின் விதிகளை ஒவ்வொன்றாக உடைக்க விடுங்கள். இந்தப் பகுதிக்கு நேரம் ஒதுக்குங்கள். மேலே சொன்ன பெயர்களைக் குறைத்தாலும் இதைக் குறைக்க வேண்டாம்.

அட்டை "கூட" என்றிருக்கும்போதே கிளிப் போடுகிறவரை எழுப்பி விடுங்கள். இரட்டித்து முடிந்த வெள்ளை நீலத்தின் மேல் அவர் கிளிப் போடுவார், ஓட்டுகிறவர் மறுபடி தொடங்குவார், அந்தத் துண்டில் மூன்றாவது, நாலாவது கயிறு வரும். மற்ற இடங்களில் இரண்டே இரண்டு. வாங்கின் நடுவில் ஒரு புடைப்பு. இதை எம் அவத்தையில் இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். கயிறு சிக்கும், இழுத்தால் அறும். சில மனிதப் புற்றுநோய்க் கல வகைகளில் ஜெமினினைக் குறைத்தபோது இதேதான் நடந்தது: டிஎன்ஏ மிகையாக இரட்டித்தது, சேதமும் வந்தது.

அடுத்தது, எம் அவத்தைக்குப் போகாமலே ஜி2இல் அட்டையை "குறைவு" பக்கம் திருப்பி, பிறகு "கூட" பக்கம் திருப்புங்கள். கயிறு முழுவதும் இன்னொரு சுற்று இரட்டிக்கும். பிளவு மதுவத்தில் இழையுருப்பிரிவுக்கான சைக்கிளினை இல்லாமல் செய்தால் கலம் பிரியாமலே திரும்பத் திரும்ப இரட்டிக்கும்.

மூன்றாவது, கஞ்சத்தனம். ஜி1இல் இரண்டே இரண்டு சோடி கிளிப் மட்டும் போட விடுங்கள், தூரத்தில் ஒன்று, கிட்டத்தில் ஒன்று. ஓட்டம் தொடங்கியபின் எதிரெதிரே வரும் இரண்டு கிளிப்பையும் நடுவழியில் கையால் பிடித்து நிறுத்துங்கள். நடுவில் இரட்டிக்காத துண்டு. "கிளிப் ஒன்று போடுவமா, ரீச்சர்?" முடியாது, அட்டை "கூட" என்று நிற்கிறது. கலம் ஜி1இலேயே தேவைக்குப் பல மடங்கு எம்சிஎம்மை ஏன் ஏற்றி வைக்கிறது என்பது இப்போது விளங்கும். பெரும்பாலானவை தொடங்காமலே துடைக்கப்பட்டுப் போகும், கவை நின்றுபோனால் மட்டும் உதவிக்கு வரும். ஓஆர்சி, சிடிசி6, சிடிடி1 மரபணுக்களில் குறையோடு பிறக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மையர்-கோர்லின் நோய்க்கூட்டம் என்று அதற்குப் பெயர்: உடல் மிகக் கட்டையாக இருக்கும், காது சிறிதாக இருக்கும், முழங்கால் சில்லு சிறிதாகவோ இல்லாமலோ இருக்கும். இந்த மரபணுக்களுக்கும் அந்த நோய்க்குமான தொடர்பு 2011இல்தான் வெளிவந்தது.

கவை நின்றால் கலம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ஏடிஆர், அது தட்டி எழுப்பும் சிஎச்கே1 என்ற இரண்டு கைனேசுகள், புதுப் புள்ளிகள் தொடங்குவதைத் தாமதிக்கும், எம் அவத்தைக்குப் போகும் வழியையும் மறிக்கும். செக்பொயின்ற் என்றால் என்னவென்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை, ஆகவே இதில் நான் அதிகம் நிற்பதில்லை. ஒன்றை மட்டும் பிரித்துக் காட்டுங்கள்: சோதனைப் புள்ளி என்பது குழப்பம் வந்தால் நிறுத்துவது. அட்டை விதி குழப்பம் வந்தாலும் வராவிட்டாலும் ஒவ்வொரு சுற்றிலும் நடப்பது. கட்டுரை விடையில் இரண்டையும் ஒன்றாக்கி எழுதுகிறவர்கள் பலர்.

1970இன் பரிசோதனையை ஊகிக்க விடுங்கள்

இதை விடையாகச் சொல்லாதீர்கள், கேள்வியாகக் கேளுங்கள். பொட்டு ராவும் ரொபர்ட் ஜோன்சனும் 1970இல் ஹீலா என்ற மனிதப் புற்றுநோய்க் கலங்களை இரண்டிரண்டாக ஒன்றிணைத்தார்கள். ஒரே குழியவுருவுக்குள் இரண்டு கரு. எஸ் கலத்தோடு ஜி1 கலத்தைச் சேர்த்தால் ஜி1 கரு என்ன செய்யும்? எஸ் கலத்தோடு ஜி2 கலத்தைச் சேர்த்தால் ஜி2 கரு என்ன செய்யும்?

கயிறு விளையாடிய பிள்ளைகள் இரண்டுக்கும் விடை சொல்வார்கள். ஜி1 கருவில் கிளிப் ஏற்கெனவே ஏறியிருக்கிறது, "கூட" அட்டை வந்ததும் நேரத்துக்கு முந்தியே தொடங்கும். ஜி2 கருவில் கிளிப் இல்லை, பக்கத்தில் எஸ் கரு எவ்வளவு மும்முரமாக வேலை செய்தாலும் அது தொடங்காது. பரிசோதனையும் அதையே காட்டியது. எம்சிஎம்மின் பங்கு என்னவென்று ஒருவருக்கும் தெரியாத காலம் அது. 1988இல் ஜூலியன் புளோவும் ரொன் லாஸ்கியும் தவளை முட்டைச் சாற்றில் கருக்களை வைத்துப் பார்த்து, அனுமதிக் காரணி ஒன்று இருக்க வேண்டும் என்று சொன்னதும் கிளிப்பைக் கண்ணால் காணாமல்தான்.

ஒரு கெட்டிக்காரப் பிள்ளை நிச்சயம் கேட்கும்: ஜி2இலும் அட்டை "கூட" தானே, அப்போது ஜி1ஐ ஜி2ஓடு சேர்த்தாலும் ஜி1 கரு முந்தித் தொடங்க வேண்டுமே? பரிசோதனையில் தொடங்கவில்லை, ஜி1 கரு தன் நேரத்துக்குத்தான் போனது. அட்டை ஒரு சுருக்கம் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். ஜி2 கலத்தில் எம் அவத்தைக்கென்று சேரும் சிடிகேயில் பெரும் பகுதியை வீ1 என்ற கைனேசு பூட்டி வைத்திருக்கிறது, சைக்கிளின் வகைகளும் வேறு, டிடிகேயும் வேண்டும். இரண்டு பக்க அட்டையில் இவ்வளவும் அடங்காது. கேட்ட பிள்ளையை அடுத்த வகுப்பில் அட்டை பிடிக்க வையுங்கள்.

வீட்டுக்குக் கொடுக்கும் கேள்விகள்

வெங்காயத்துக்குத் திரும்பி எண்ணிக்கைக் கேள்வி ஒன்று கொடுங்கள்: ஜி1இல், ஜி2இல், மேன்முக அவத்தையில் ஒரு வேர்முனைக் கலத்தில் நிறமூர்த்தம் எத்தனை, டிஎன்ஏ எத்தனை மடங்கு? நிறமூர்த்தம் 16, 16, 32. டிஎன்ஏ ஜி1ஐ ஒன்றென்று வைத்தால் 1, 2, 2. எஸ் முடிந்ததும் நிறமூர்த்தம் 32 என்று எழுதுகிறவர்களுக்குக் கயிற்றைக் காட்டுங்கள்: வெள்ளையும் நீலமும் இன்னும் ஒரே கட்டில்தான் இருக்கின்றன. வெங்காயக் கருவொன்று மனிதக் கருவைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு டிஎன்ஏயைக் காவுகிறது என்பதையும் சொன்னால் கணக்கு விருப்பமுள்ள பிள்ளைகள் தொடக்கப் புள்ளிகளை மறுபடி எண்ணப் போய்விடுவார்கள்.

மருந்துக் கேள்வி ஒன்று: ஐதரொக்சியூரியா டிஎன்ஏ கட்டும் நியூக்கிளியோட்டைட்டுகளின் உற்பத்தியைக் குறைக்கும். கயிற்றில் இதை எப்படிக் காட்டுவாய்? நீலக் கயிற்றைக் கூடையிலிருந்து எடுத்துவிடுவேன் என்பது நல்ல விடை. கிளிப்பை எடுத்துவிடுவேன் என்றால் அந்தப் பிள்ளை இன்னொரு தடவை கயிற்றடிக்கு வர வேண்டும்.

கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் கடினமாக வையுங்கள். பழ ஈயின் குடம்பியில் உமிழ்நீர்ச் சுரப்பிக் கலங்கள் எம் அவத்தைக்குப் போவதே இல்லை, ஆனாலும் ஏறக்குறைய பத்துச் சுற்று இரட்டித்து, ஆயிரம் இழைகள் பக்கம் பக்கமாக ஒட்டிய பெரிய நிறமூர்த்தங்கள் உருவாகின்றன. சாதாரண நுணுக்குக்காட்டியிலேயே பட்டி பட்டியாகத் தெரியும். அங்கே அட்டை எந்தப் பக்கம் நிற்கிறது? "எப்போதும் கூட" என்று எழுதினால் பிழை. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் அட்டை "குறைவு" பக்கம் ஒரு தடவை திரும்பித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் சுற்றுக்குக் கிளிப் எங்கிருந்து வரும்?